அர்ச். குழந்தை தெரேசம்மாளும் நோயாளியின் வேதனையும்



வீட்டில் ஒருவர் தீராத வியாதியாய்ப் படுத்துவிட்டால் இருவிதப் பேச்சு எழுவதுண்டு. வலி தணிய மருந்து கொடுங்கள் என்று சிலர் கெஞ்சுவார்கள். சர்வேசுரன் அனுப்பிய சிலுவையை மருந்தினால் தள்ளிவிடலாமா என்று வேறு சிலர் தயங்குவார்கள். இப்படித் தயங்குகிறவர்கள், பாடுபட்ட சுரூபத்தையும் ரோசாப்பூக்களையும் ஏந்தி நம் பீடங்களில் நிற்கும் அர்ச். குழந்தை தெரேசம்மாளின் ஜீவியத்தை உற்று நோக்குவது நலம்.

இவர் 1873-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி பிரான்சு தேசத்து அலான்சோன் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் லூயி மர்த்தேன் கடிகாரத் தொழில் செய்தவர்; தாயார் செலி லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் தெரேசம்மாளே கடைசி. 1877-ல் தாயார் மார்புப் புற்றுநோயால் இறந்தபோது குழந்தைக்கு வயது நாலு. அதன்பின் குடும்பம் லிசியே பட்டணத்தில் குடியேறிற்று. அங்கே 1888 ஏப்ரல் 9-ந் தேதி, பதினைந்தாம் வயதில், தெரேசம்மாள் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

1896-ம் ஆண்டு பெரிய வியாழன் இரவு அவர் வாயிலிருந்து இரத்தம் வந்தது. அது க்ஷயரோகம். இன்று ஆறு மாதம் ஒழுங்காக மருந்து உட்கொண்டால் பெரும்பாலும் குணமாகும் அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்தே இல்லை. தோலைக் கொப்பளிக்கச் செய்யும் பிளாஸ்திரி போட்டார்கள். காய்ச்சிய ஊசியால் முதுகில் சூடு போட்டார்கள். பாலையே ஆகாரமாகக் கொடுத்தார்கள். தெரேசம்மாள் இவற்றில் எதையும் மறுக்கவில்லை. வைத்தியர் சொன்னதற்குக் கீழ்ப்படிவதும் தேவ சித்தத்துக்குக் கீழ்ப்படிவதே என்று ஏற்றுக்கொண்டார்.

1897 ஜூலை 8-ந் தேதி அவரை மடத்தின் நோயாளர் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டு மாதத்தில் நோய் குடலையும் பற்றியது. மூச்சுத் திணறலும் வயிற்று வலியும் அவரை வாட்டின. அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்பின் என்னும் மருந்து அப்போதே வைத்தியர்களிடம் இருந்தது. அதை ஊசி மூலம் செலுத்தும் முறையும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. மார்பின் ஊசி போடலாம் என்று வைத்தியரும் சொன்னார். மடத்துத் தாயார் மரி தெ கொன்சாக் இணங்கவில்லை. கடைசி நாட்களில் மார்பின் கலந்த சிரப் மாத்திரம் கொஞ்சம் கொடுக்கப்பட்டது.

இதைக் கேட்கும் நீங்கள், வலியை அதிகம் விரும்பியதால் அல்லவோ இவர் அர்ச்சியசிஷ்டர் ஆனார் என்று எண்ணலாம். உண்மை அதுவன்று. பெரிய வேதனைகளைத் தாமாகக் கேட்கமாட்டேன், தாமாகக் கேட்டால் அவற்றைத் தனியே சுமக்க வேண்டிவரும் என்று அவர் தம் சகோதரிகளிடம் தெளிவாகச் சொன்னார். இத்தனை கொடிய வலியில் கிடக்கிற நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் விஷமாகக்கூடிய மருந்துகளை வைக்க வேண்டாம், புத்தி தடுமாற ஒரு நொடி போதும் என்றும் அவர் எச்சரித்தார். விசுவாசம் குறைந்ததால் அப்படிப் பேசவில்லை. வலி மனுஷனை என்ன செய்யும் என்பதை அறிந்து, தமக்குப்பின் வரும் நோயாளிகள்மேல் இரக்கங்கொண்டு பேசினார்.

1897 செப்டம்பர் 30-ந் தேதி மாலை, இருபத்துநாலாம் வயதில், சர்வேசுரனை நேசிப்பதாகச் சொல்லி உயிர்விட்டார். 1925-ல் பதினோராம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். 1997-ல் அவர் திருச்சபையின் வேதபாரகராக அறிவிக்கப்பட்டார்.

நம் தயக்கத்துக்குத் திருச்சபையே விடை சொல்லியிருக்கிறது. 1957 பிப்ரவரி 24-ந் தேதி பன்னிரண்டாம் பத்திநாதர், மயக்க மருந்து வைத்தியர்களின் கேள்விகளுக்குப் பதில் கூறினார். வேறு வழியில்லாதபோது, வலியைத் தணிக்கும் கருத்தோடு கொடுக்கும் மருந்து, நினைவை மங்கச் செய்தாலும், ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடுமானாலும், நோயாளி தன் கடமைகளை நிறைவேற்றத் தடையாயில்லாத பட்சத்தில் அது ஆகும் என்பதே அவர் தீர்ப்பு. உயிரைப் போக்கும் கருத்தோடு கொடுப்பது என்றைக்கும் ஆகாது.

ஆகையால் நோயாளி உள்ள குடும்பத்தாரே, இவற்றைக் கவனியுங்கள். எவ்வளவு வலிக்கிறது என்று நோயாளியைக் கேட்டு, அதை வைத்தியரிடம் மறையாமல் சொல்லுங்கள். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வகுத்த முறைப்படி, எளிய மாத்திரையில் தொடங்கி, போதாவிட்டால் படிப்படியாக மார்பின் வரை போகலாம். வலி முற்றும்வரை காத்திராமல் மணி தவறாது கொடுக்க வேண்டும். வைத்தியர் குறித்த அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மார்பின் மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். மருந்துகளைப் பூட்டி வைத்து, பொறுப்பான ஒருவர் கையால் கொடுங்கள். படுக்கையில் புரட்டி விடுவதும், புண்ணைச் சுத்தம் செய்வதும், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருப்பதும் வைத்தியமே. நோயாளிக்கு நல்ல நினைவு இருக்கும்போதே குருவை அழைத்து, பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் அவஸ்தைப்பூசுதலும் பெறச்செய்யுங்கள்.

தன் வலியைப் பொறுமையோடு ஒப்புக்கொடுப்பது நோயாளியின் புண்ணியம். அந்த வலியைத் தணிப்பது நம் கடமை. அவருடைய புண்ணியத்தைக் காட்டி நம் கடமையைத் தட்டிக்கழிக்க நமக்கு உத்தரவில்லை. அர்ச். குழந்தை தெரேசம்மாள் நம் வீட்டு நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்வாராக.