காவலர் இல்லாமல் சிறைச் சிறுவர்களை வெளியே அழைத்துப் போனவர்... யார் இந்த டான் போஸ்கோ?

சென்னை எழும்பூர், பெரம்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டான் போஸ்கோ என்றால் ஸ்கூல் பெயர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், தன் வாழ்நாள் வேலை என்ன என்பதை முடிவு செய்தது ஜெயிலுக்குள் பார்த்த சில காட்சிகளால்தான். (சினிமா டானுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இத்தாலியில் பாதிரியார்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்காகச் சேர்க்கும் சொல் அது.)

ஜொவான்னி போஸ்கோ 1815-ல் வட இத்தாலியின் பெக்கி என்ற குக்கிராமத்தில் பிறந்தார். இரண்டு வயது ஆகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா மார்கரீத்தாதான் வளர்த்தார். சின்ன வயதிலேயே கயிற்றில் நடப்பது, வித்தை காட்டுவது எல்லாம் கற்றுக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டினார். வித்தை பார்க்க டிக்கெட் கிடையாது. ஆனால் நடுவில் ஜெபம் உண்டு, பூசையில் கேட்ட பிரசங்கமும் உண்டு.

ஜெயிலில் என்ன பார்த்தார்?

1841-ல் குருப்பட்டம் பெற்று மேல்பயிற்சிக்காக தூரின் நகரத்துக்கு வந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டி ஜுசெப்பே கஃபாசோ. தூக்குத் தண்டனைக் கைதிகளோடு கடைசி நிமிடம் வரை உடன் சென்ற பாதிரியார் அவர். கஃபாசோதான் இளைஞர் போஸ்கோவை நகரச் சிறைகளுக்கு அனுப்பினார்.

12 முதல் 18 வயது வரையிலான பசங்க உள்ளே சும்மா கிடந்தார்கள். ஆரோக்கியமான, புத்திசாலிப் பிள்ளைகள். பூச்சிக்கடி, பசி, பேச ஆள் இல்லாத தனிமை. போஸ்கோ மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார், அவர்கள் பேசுவதைக் கேட்டார். சிலர் திருந்துவதாக உறுதி சொல்லி விடுதலையானார்கள். கொஞ்ச நாளில் அதே முகங்கள் மறுபடியும் உள்ளே.

ஏன்? வெளியே போனால் அவர்களுக்கு யாரும் இல்லை. அவ்வளவுதான். இதைத்தான் போஸ்கோ பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். உள்ளே ஜெபம் சொல்லிக்கொடுத்தவர் வெளியேயும் நண்பராக இருந்தால் இவர்கள் திரும்பி வருவார்களா என்பதுதான் அவருக்குள் எழுந்த கேள்வி.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பசங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். கிராமத்திலிருந்து பிழைக்க வந்த கொத்தனார் உதவியாளர்கள், புகைபோக்கி சுத்தம் செய்பவர்கள், விடுதலையான சிறுவர்கள். விளையாட்டு, பூசை, பாவசங்கீர்த்தனம், எழுத்தறிவு எல்லாம் ஒரே இடத்தில். சத்தம் தாங்காமல் இடம் கொடுத்தவர்களே விரட்டினார்கள். கலகக் கூட்டமோ என்று நகர நிர்வாகம் சந்தேகப்பட்டது. 1846-ல்தான் வால்டோக்கோ பகுதியில் ஒரு தாழ்வான கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. அம்மா மார்கரீத்தாவும் ஊரை விட்டு அங்கே வந்துவிட்டார்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. இரவு தங்க இடம் கொடுத்த முதல் பையன்களில் சிலர், விடியும் முன் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கும் கதவு திறந்தது.

வேலை கற்கப் போகும் பையனுக்காக முதலாளியுடன் ஒப்பந்தம் போட்டதுதான் இவரது கெட்டிக்காரத்தனம். 1850-களின் தொடக்கத்தில் போட்ட ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன. தொழில் கற்றுத்தர வேண்டும், அடிக்கக் கூடாது, விடுமுறை நாளில் ஓய்வு தர வேண்டும் என்பவை அவற்றில் இருந்த நிபந்தனைகள்.

ஸ்துபினிஜி ட்ரிப்

தூரினில் 1845-ல் திறக்கப்பட்ட சிறுவர் சீர்திருத்தச் சிறை ‘ஜெனராலா’. போஸ்கோ அங்கேயும் போய்க்கொண்டிருந்தார். 1855-ல் அங்கே சில நாள் தியானம் நடத்தி முடித்ததும், பசங்களை ஒருநாள் வெளியே அழைத்துப் போக அனுமதி கேட்டார் என்கின்றன சலேசிய வரலாறுகள். முடிவெடுக்க வேண்டியவர் அமைச்சர் உர்பானோ ரத்தாஸி. மடங்களைக் கலைக்கும் சட்டம் கொண்டுவந்த அதே ரத்தாஸி! மஃப்டியில் போலீஸ் அனுப்புகிறேன் என்றாராம் அவர். போஸ்கோ வேண்டாம் என்றாராம்.

முன்னூறுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் ஸ்துபினிஜி அரண்மனைப் பக்கம் நடந்தார்கள். பூசை, சாப்பாடு, ஆட்டம். போஸ்கோ களைத்துவிட்டதைப் பார்த்து, கழுதை மேலிருந்த சுமையை இறக்கித் தாங்களே தூக்கிக்கொண்டு, அவரை அதில் ஏற்றினார்களாம். மாலையில் எண்ணிப் பார்த்தால் ஒருவர்கூடக் குறையவில்லை. சொல்லச் சொல்ல இந்தக் கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். ஆனால் அந்த மாலையில் சிறைக் கதவு மறுபடி மூடியது என்பதில் சந்தேகமில்லை. ஒருநாள் சுதந்திரத்துக்குப் பிறகு தானாகவே உள்ளே போவது எந்தப் பையனுக்கும் லேசான காரியம் இல்லை.

1859-ல் சலேசிய சபையைத் தொடங்கினார். 1877-ல் தன் முறையைச் சின்ன நூலாக எழுதினார். தப்பு செய்த பிறகு தண்டிப்பதைவிட, தப்பு செய்யத் தோன்றாதபடி கூடவே இருப்பது என்பது அதன் சாரம். 1888 ஜனவரி 31-ல் இறந்தார். 1906-ல் சலேசியர்கள் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் இறங்கி வேலை தொடங்கிய ஊர் நம்ம தஞ்சாவூர்.

‘ஜெனராலா’ இருந்த இடத்தில் இன்றும் சிறுவர் சிறைதான் இருக்கிறது. பெயர் மட்டும் ஃபெர்ரான்தே அபோர்தி என்று மாறிவிட்டது. அங்கே சிறை ஆன்மிகப் பணியாளர்களாகச் சலேசியப் பாதிரியார்கள் வேலை பார்த்திருக்கிறார்கள்.