யார் இந்த ஃபிர்தௌசி? பாரசீக ஃபேன்டஸி கதைகளின் ஊற்று!

சிமுர்க் பறவை, தோளில் பாம்பு முளைச்ச மன்னன் ஸஹாக்... இன்றைய இளைஞர்கள் படிக்கும் பாரசீக ஃபேன்டஸி நாவல்களுக்குத் தீனி போடுறது 'ஷாநாமா' காவியம். எழுதியவர் ஃபிர்தௌசி.

கி.பி. 940 வாக்கில் ஈரானின் தூஸ் நகர் அருகே நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். தகீகி என்ற கவிஞர் கொலையானதால் பாதியில் நின்ற வேலையைக் கையில் எடுத்தார். தகீகியின் சுமார் 1,000 ஈரடிகளை அவர் பெயரைச் சொல்லியே சேர்த்துக்கிட்டார். 30 வருஷத்துக்கும் மேல உழைப்பு. மொத்தம் சுமார் 50,000 ஈரடிகள்! நடுவில் 37 வயது மகன் இறந்துபோனான். அந்த அழுகையும் காவியத்துக்குள்ளேயே இருக்கு.

1010-ல் முடித்து, கஜினி முகமதுவுக்குச் சமர்ப்பித்தார். (ஆமாங்க, ஸ்கூல்ல படிச்ச அதே கஜினிதான்!) எதிர்பார்த்த பரிசு வரலை. மனசு மாறி மன்னர் அனுப்பிய பரிசு ஊருக்குள் நுழைஞ்சப்போ, ஃபிர்தௌசியின் உடல் வெளியே போய்க்கிட்டிருந்ததாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

தூஸில் 1934-ல் திறக்கப்பட்ட நினைவிடத்துக்கு இப்பவும் கூட்டம் வருது.