மூலிகை நூல் கண்ட லீ ஷிசென்

ஆரணி நெசவாளர் தறியில் ஏற்றும் பட்டிழை ஒரு சிறு புழு நூற்றது என்பதை நாம் அறிவோம். அப்புழுவை வளர்த்துப் பட்டெடுக்கும் கலையை உலகிற்கு முதன்முதற் காட்டியது சீன நாடு. அந்நாட்டார் பட்டுப்புழுவை ஆடைக்கு மட்டுமன்றி மருந்துக்கும் பயன்படுத்தினர். நோயுற்று இறந்து விறைத்த புழுவும், அது தின்னும் முசுக்கட்டை இலையும் அவர்தம் மருந்துச் சரக்குகளாம். இத்தகைய சரக்குகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்து நூலாக்கிய பெருமகனே லீ ஷிசென்.

இவர் 1518ஆம் ஆண்டில், இன்றைய ஹூபே மாநிலத்துச் சிஜோ என்னும் ஊரிற் பிறந்தார். பாட்டனார் மணியொலித்தவண்ணம் ஊர்தோறும் சென்று மருந்தளித்தவர், தந்தையாரும் மருத்துவரே. ஆயினும் அக்காலச் சீனத்தில் மருத்துவர்க்கு மதிப்புக் குறைவு. தேர்வில் வென்று அரசு அலுவல் பெறுவதே பெருமை. ஆதலின் தந்தையார் மகனை அவ்வழியிற் செலுத்தினார். 14ஆம் அகவையில் முதற்படித் தேர்வில் வென்ற லீ, மாநிலத் தேர்வில் மும்முறை தோற்றார். பின்னரே தந்தையிடம் மருத்துவம் பயிலலானார். அத்தோல்வியை உலகம் பெற்ற பேறென்றே கூறலாம்.

சீன மருத்துவம் பலவகையில் நம் சித்த மருத்துவத்தை ஒத்தது. நாடி பார்த்து நோயறிவர். பொருள்களை வெம்மையுடையன, தண்மையுடையன எனப் பகுப்பர். நாம் சுவை ஆறென்போம். அவர் துவர்ப்பைப் புளிப்பில் அடக்கி ஐந்தென்பர். பல மூலிகைகளைக் கூட்டிக் கியாழமாக்கித் தருவதே அவர்தம் பெருவழக்கு. கூட்டியவற்றுள் ஒன்று பிழைபட்டாலும் நோயாளியின் உயிர்க்கே கேடாம். ஆனால் பண்டைச் சீன நூல்களிலோ ஒரு மூலிகைக்குப் பல பெயர்களும், பல மூலிகைகளுக்கு ஒரே பெயரும் வழங்கின. நஞ்சாகிய பாதரசத்தைச் சாவா மருந்தென்று புகழ்ந்த நூல்களும் இருந்தன.

இக்குழப்பத்தை நீக்கத் துணிந்த லீ, 1552இல் பணி தொடங்கினார். இடையில் அரசமருத்துவ மன்றத்திற் பணி கிடைத்தும் அங்கு நெடுநாள் தங்கினாரல்லர். ஏறத்தாழ 800 நூல்களைக் கற்றார். கற்றது போதாதென்று மலையும் காடும் அலைந்தார். உழவர், மீனவர், வேடர், விறகுவெட்டியர் ஆகியோரிடம் கேட்டறிந்தார். அழுங்கு என்னும் விலங்கு தன் செதில்களை விரித்து எறும்புகளைச் சிக்கவைத்து, நீரில் மூழ்கி, மிதக்கும் எறும்புகளை உண்ணும் என்றது ஒரு பழங்கூற்று. லீ அழுங்கின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே எறும்புகள் நிறைந்திருந்தன. அது நாவால் எறும்பை நக்கித் தின்பது என்று எழுதினார். ஊமத்தம்பூவை மதுவிலிட்டுத் தாமே அருந்தி, அறிவு மயங்குவதைக் கண்டார். ஊமத்தை கொடிய நஞ்சு. நாம் அதனை வாயில் வைத்தலும் ஆகாது. பாதரசம் நஞ்சே என்றும் அஞ்சாது எழுதினார்; அரசரே சாவா மருந்தை நாடிய காலம் அது!

27 ஆண்டு உழைப்பின் பயனாக, 1578இல் 'பென்சாவ் காங்மு' என்னும் நூல் நிறைவுற்றது. 52 பகுதிகள், 1892 பொருள்கள், அவற்றுள் 374 இவரே புதிதாகச் சேர்த்தவை. மருந்து முறைகள் 11,000க்கு மேற்பட்டன. நூல் குற்றமே இல்லாததன்று. செவிவழிச் செய்திகள் சில அதிலும் புகுந்தன. அழுங்கின் செதில் மருந்தாகும் என்றும் அது கூறுகிறது. அந்நம்பிக்கையால் வேட்டையாடப்பட்டு அவ்வுயிரினம் இன்று அருகிவிட்டது. சீன அரசு 2020இல் அச்செதிலைத் தன் மருந்துப் பட்டியலினின்றும் நீக்கியது.

இத்துணைப் பெரிய நூலை மரப்பலகையிற் செதுக்கி அச்சிட முன்வருவார் அரியர். அறிஞர் வாங் ஷிசென்னிடம் முன்னுரை வேண்டி 1580இற் சென்றார் லீ; அது கிடைத்தது 1590இல். பின்னர் நான்கிங் நகரத்து ஹூ செங்லோங் என்பார் அச்சிட இசைந்தார். பலகைகள் செதுக்கப்பட்டு வருகையில், 1593இல் லீ மறைந்தார். 1596இல் நூல் வெளிவந்தது. மகனார் ஒரு படியை அரசர்க்கு அளித்தார். அரசர் அதனைப் பெற்றுக்கொண்டதோடு அமைந்தார். மக்களோ அதனை மீண்டும் மீண்டும் அச்சிட்டனர். 1607இல் அது கடல் கடந்து சப்பான் நாட்டை அடைந்தது.