முஸ்அப் இப்னு உமைர் (ரலி): மதீனாவின் முதல் ஆசிரியர்

மதீனா நகரை எந்தப் படையும் சென்று வெல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து அங்கு வந்து சேர்வதற்கு முன்பே அவ்வூரின் பல வீடுகளில் குர்ஆன் ஓதப்பட்டுக் கொண்டிருந்தது. அந்த வீடுகளின் கதவைத் தட்டியவர் மக்காவிலிருந்து வந்த ஒரு மனிதர். கையில் ஆயுதமோ பணமோ இல்லாமல் வந்த அவர்தான் முஸ்அப் இப்னு உமைர் (ரலி). இஸ்லாமிய நாகரிகம் எப்படி வேர் பிடித்தது என்று நம் பிள்ளைகள் கேட்டால், நாம் இவரிலிருந்து தொடங்கலாம்.

முஸ்அப் (ரலி) குறைஷிகளின் பனூ அப்துத் தார் கிளையைச் சேர்ந்தவர். தாயார் குனாஸ் பின்த் மாலிக் பெரும் செல்வந்தர். மகன் மீது உயிரையே வைத்திருந்தார். மக்காவில் அவரைப் போல விலை உயர்ந்த ஆடை உடுத்தியவரும் நறுமணம் பூசியவரும் இல்லை எனும் அளவுக்கு அவர் செல்லமாக வளர்ந்தார் என்று வரலாற்று நூல்கள் வர்ணிக்கின்றன.

அப்படிப்பட்டவர் ஸஃபா குன்றின் அருகே இருந்த அர்கம் (ரலி) அவர்களின் வீட்டுக்கு இரகசியமாகச் சென்று, நபி (ஸல்) அவர்களிடம் குர்ஆனைச் செவியேற்று இஸ்லாத்தை ஏற்றார். தாயாரின் மனம் நோகுமே என்று அதை வெளியில் சொல்லாமல் இருந்தார். ஒருநாள் அவர் தொழுவதைப் பார்த்துவிட்ட ஒருவர் வீட்டாரிடம் செய்தியைச் சேர்த்தார். அன்றோடு செல்லம் முடிந்தது. பெற்ற தாயே அவரை வீட்டுக்குள் அடைத்து வைத்தார். அங்கிருந்து தப்பிய முஸ்அப் (ரலி), கி.பி. 615 வாக்கில் முஸ்லிம்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தபோது அவர்களுடன் சேர்ந்து சென்றார். பிறகு மக்கா திரும்பியபோது பழைய செல்வமோ பழைய ஆடையோ அவரிடம் இல்லை. பட்டும் நறுமணமுமாகத் திரிந்தவரை ஒட்டுப் போட்ட ஆடையில் பார்த்துத் தோழர்கள் கலங்கினார்கள்.

கி.பி. 621-ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் யத்ரிபிலிருந்து வந்த 12 பேர் அகபாவில் நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தார்கள். அவர்களுக்கு மார்க்கம் கற்றுத்தர ஒருவர் தேவைப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் தேர்ந்தெடுத்தது முஸ்அப் (ரலி) அவர்களை.

அவர் சென்ற ஊரின் நிலையை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரு குலத்தாரும் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டு வந்தார்கள். புஆஸ் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இஸ்லாத்தை ஏற்ற பிறகும், ஒரு குலத்தவர் இமாமாக நிற்பதை மறு குலத்தவர் விரும்பவில்லை. அதனால் வெளியூர்க்காரரான முஸ்அப் (ரலி) அவர்களே தொழுவித்தார். பகை கொண்ட இரு கூட்டம் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்றது. பிற்காலத்தில் மதீனா ஒரு சமுதாயமாக எழுந்ததற்கான முதல் அஸ்திவாரம் அந்த ஸஃப்பில்தான் விழுந்தது.

அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் வீட்டில் தங்கி அவர் அழைப்புப் பணி செய்தார். ஒருநாள் இருவரும் ஒரு தோட்டத்தில் அமர்ந்திருந்தபோது, அவ்ஸ் குலத் தலைவர்களில் ஒருவரான உஸைத் இப்னு ஹுளைர் ஈட்டியுடன் வந்து, ஊரை விட்டுப் போய்விடும்படி மிரட்டினார். முஸ்அப் (ரலி) கோபப்படவில்லை. சற்று அமர்ந்து கேளுங்கள், பிடித்திருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நாங்கள் நிறுத்திக் கொள்கிறோம் என்று அமைதியாகச் சொன்னார். அது நியாயம்தான் என்று உஸைத் ஈட்டியைத் தரையில் நட்டுவிட்டு அமர்ந்தார். எழுந்தபோது முஸ்லிமாக எழுந்தார். அவர் அனுப்பி வைக்க, அடுத்து வந்தவர் ஸஅத் இப்னு முஆத். அவரும் கோபத்தோடு வந்து ஈமானோடு திரும்பினார். அன்று மாலைக்குள் அவருடைய பனூ அப்துல் அஷ்ஹல் குடும்பத்தாரில் ஏறத்தாழ அனைவரும் இஸ்லாத்தை ஏற்றார்கள். மறு ஆண்டு, 622-இல், அகபாவில் பைஅத் செய்ய வந்தவர்கள் 73 ஆண்களும் 2 பெண்களும். அவர்களின் அழைப்பை ஏற்றே நபி (ஸல்) அவர்கள் மதீனா சென்றார்கள்.

கி.பி. 624-இல் பத்ரில் முஸ்லிம்களின் கொடி முஸ்அப் (ரலி) கையில் இருந்தது. மறு ஆண்டு உஹதிலும் அவரே கொடியை ஏந்தினார். எதிரே குறைஷிகளின் கொடியைத் தாங்கி நின்றவர்கள் அவருடைய சொந்தக் கிளையான பனூ அப்துத் தார்! படை சிதறியபோதும் அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வலக்கை வெட்டப்பட்டதும் இடக்கையில் கொடியைப் பிடித்தார். அதுவும் வெட்டப்பட, மீதிக் கைகளால் நெஞ்சோடு அணைத்துக் கொண்டார் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. அங்கேயே அவர் ஷஹீதானார்.

அவருக்குக் கஃபனிட ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால்கள் தெரிந்தன. கால்களை மூடினால் தலை தெரிந்தது. நபி (ஸல்) அவர்களின் உத்தரவுப்படி தலையைத் துணியால் மூடி, கால்கள் மீது இத்கிர் புல்லைப் போட்டு அடக்கினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, செல்வந்தரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) நோன்பு வைத்திருந்த ஒருநாள் அவர் முன் உணவு வைக்கப்பட்டது. அந்தக் கஃபன் துணி அவர் நினைவுக்கு வந்தது. தம் நன்மைகளுக்கான கூலி இவ்வுலகிலேயே தரப்பட்டுவிட்டதோ என்று அஞ்சி அழுது, உணவைத் தொடாமல் விட்டார்.

பிள்ளைகளுக்கு நல்ல உடை, நல்ல படிப்பு, நல்ல வேலை அமைய வேண்டும் என்று நாம் ஓடி ஓடி உழைக்கிறோம். அதில் தவறில்லை. குனாஸும் மகனுக்கு எல்லாவற்றையும் கொடுத்த தாய்தான். ஆனால் சத்தியம் என்று மகன் உணர்ந்த ஒன்றுக்கு மட்டும் அவர் வீட்டில் இடமில்லாமல் போனது. நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை வசதியைத் துறந்து ஒரு நல்ல காரியத்துக்காக நிற்க விரும்பினால், நாம் கதவைத் திறப்போமா, பூட்டுவோமா? இந்தக் கேள்வியை நம் ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அல்லாஹ் முஸ்அப் (ரலி) அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அவருடைய பொறுமையிலும் பண்பிலும் ஒரு பங்கை நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.