மண்ணுக்குள் நீரை அளந்த மனிதர்

2022 டிசம்பரில் பத்தாங்காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தபோது நான் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். மழைநீர் இறங்கி மண்ணை வழுக்கச் செய்துவிட்டது, அதனால் மலை சரிந்தது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டில் மண் இயக்கவியல் படிக்கத் தொடங்கிய பிறகும் அந்த நம்பிக்கை மாறவில்லை. முதல் தேர்வில், மொத்த அழுத்தத்திலிருந்து மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் கழிக்கும் கணக்குக்கு முழுப் புள்ளி வாங்கினேன். ஏன் கழிக்கிறோம் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

அந்தக் கழித்தலைக் கண்டுபிடித்தவர் கார்ல் டெர்ஸாகி. நீர் மண்ணுக்கு எண்ணெய் போடுகிறது என்ற எண்ணம் தவறு என்று எழுதியவரும் அவரே. அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்த பிறகுதான் என் பாடமே எனக்குப் புரிந்தது.

1883 அக்டோபர் 2-ஆம் தேதி பிராக் நகரில் ஓர் இராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தார். இராணுவப் பள்ளிகளில் படித்துவிட்டு, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியலில் சேர்ந்தார். குடியும் வாள் சண்டையும் குறும்புமாகத் திரிந்ததால் கல்லூரியை விட்டே துரத்தப்படும் நிலை வந்தது. விட்டன்பாவர் என்ற பேராசிரியர் அவருக்காகப் பரிந்து பேசியதால் தப்பித்தார். 1904-இல் பட்டம் பெற்றவர், கட்டாய இராணுவப் பணியில் இருந்தபோது ஓர் ஆங்கிலப் புவியியல் கையேட்டை ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்தார். இயந்திரம் படித்தவருக்குப் பாறையின் மேல் பிடிப்பு வந்தது இப்படித்தான்.

வேலைக்குப் போன இடங்களிலெல்லாம் ஒரே சிக்கலைப் பார்த்தார். இரும்பு, கான்கிரீட் என்றால் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடலாம். மண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. அணைகளும் கட்டடங்களும் எதிர்பாராமல் அமிழ்ந்தன, சரிந்தன. விடை தேடி 1912-இல் அமெரிக்கா சென்று, அணை கட்டும் இடங்களைச் சுற்றித் தகவல்களைக் குவித்தார். அவற்றை அடுக்கிப் பார்த்தபோது ஒன்றும் தேறவில்லை. மணல், களிமண் என்று எல்லாரும் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள். ஆனால் ஒருவரின் களிமண் இன்னொருவரின் களிமண் அல்ல. மனம் உடைந்து ஊர் திரும்பினார். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இந்தத் தோல்விதான். பெயர் போதாது, அளவு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது இங்கேதான்.

முதல் உலகப் போரின் நடுவே, 1916-இல், இஸ்தான்புல்லில் ஆசிரியப் பணி கிடைத்தது. போர் முடிந்து தோற்ற நாட்டுக்காரரானதும் அந்த வேலை போய்விட்டது. போஸ்பரஸ் கரையில் இருந்த ராபர்ட் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஆய்வுக்கூடம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சுருட்டுப் பெட்டிகளையும் குப்பையில் கிடந்த உலோகத் துண்டுகளையும் கொண்டு தாமே கருவிகள் செய்து, மண்ணை அமுக்கி அமுக்கி அளந்தார்.

அவர் கண்டதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். நீர் நிறைந்த ஒரு குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. மேலே மூடியில் ஊசி முனை அளவு ஓட்டை. மூடியின் மேல் ஒரு பாரத்தை வைத்தால் ஸ்பிரிங் உடனே சுருங்காது. முதலில் முழுப் பாரத்தையும் நீர்தான் தாங்கும். ஓட்டை வழியாக நீர் கசியக் கசிய, பாரம் மெல்ல மெல்ல ஸ்பிரிங்குக்கு மாறும். ஸ்பிரிங் என்பது மண் துகள்கள். துகளும் துகளும் நெருக்கிக்கொண்டிருப்பதால்தான் மண்ணுக்கு உராய்வு, பிடிமானம் எல்லாம். நீர் பாரத்தைத் தாங்கும், ஆனால் நீருக்குப் பிடிமானம் கிடையாது. ஆகவே நீர் எவ்வளவு பாரத்தைத் தன் தோளில் வாங்குகிறதோ, அவ்வளவுக்கு மண்ணின் பிடி தளர்கிறது. கழிப்பது அதனால்தான். களிமண்ணில் ஓட்டை மிக மிகச் சிறியது என்பதால் நீர் வெளியேற மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம். 1923-இல் அதற்கான சமன்பாட்டையும் தந்தார். (இந்தச் சோதனையை இன்றும் செய்கிறோம், நாளுக்கு ஒரு முறை பாரத்தைக் கூட்ட வேண்டும். எங்கள் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறந்துபோய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.)

1925-இல் வெளிவந்த புத்தகம் அவரைப் புகழ்பெற வைத்தது. எம்.ஐ.டி., பிறகு வியன்னா என்று பேராசிரியர் பதவிகள் வந்தன. வியன்னாவில் பால் ஃபில்லுங்கர் என்ற சக பேராசிரியர், டெர்ஸாகியின் கோட்பாடே தவறு என்று 1936-இல் கடுமையான சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. குழு டெர்ஸாகியின் பக்கம் சாய்ந்தது. 1937 மார்ச்சில் ஃபில்லுங்கரும் அவர் மனைவியும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பிற்கால ஆய்வாளர்கள் ஃபில்லுங்கரின் கணிதத்திலும் மதிப்புள்ளவை இருந்தன என்று காட்டியிருக்கிறார்கள். எங்கள் பாடநூலில் இந்தக் கதைக்கு ஒரு வரிகூட இல்லை. இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

1938-இல் அமெரிக்காவில் குடியேறி ஹார்வர்டில் கற்பித்தார். மனைவி ரூத் ஒரு புவியியலாளர். அதற்குப் பிறகு அவர் அதிகம் செலவிட்ட நேரம் அணைகளிலும் மலைச்சரிவுகளிலும்தான்.

நீர்த்தேக்கங்களின் கரைகள் ஏன் சரிகின்றன என்பதற்கு அவருடைய கழித்தலே திறவுகோல். மலைச்சரிவின் அடிப்பகுதி, மேற்பகுதியை முட்டுக்கொடுத்து நிறுத்தும் கால் போன்றது. தேக்கம் நிரம்பும்போது அந்தக் கால் நீரில் மூழ்குகிறது. நீர் அதைத் தூக்குவதால், அடியில் துகள்கள் நெருக்கிக்கொள்ளும் விசை குறைகிறது, முட்டு தளர்கிறது. சரி, நீரை வேகமாக இறக்கிவிட்டால் ஆபத்து நீங்குமா? இங்கேதான் நானும் தப்பாக நினைத்திருந்தேன். நிறைந்த தேக்கம் வெளியிலிருந்து கரையை ஒரு கையால் தாங்குவதுபோல் அழுத்திக்கொண்டிருக்கும். நீரை இறக்கினால் அந்தக் கை விலகிவிடும். ஆனால் களிமண்ணுக்குள் புகுந்த நீர் உடனே வெளியேறாது. வெளியே தாங்கல் போய்விட்டது, உள்ளே அழுத்தம் அப்படியே. அமெரிக்காவின் கிராண்ட் கூலி அணைத் தேக்கத்தில் 1941 முதல் 1953 வரை பதிவான சுமார் 500 சரிவுகளில் ஏறக்குறைய பாதி, தேக்கம் முதலில் நிரம்பிய ஈராண்டுகளிலேயே நடந்தன. இன்னொரு பெரும்பங்கு நீர்மட்டத்தை இறக்கியபோது நடந்தது.

1950-இல் நிலச்சரிவுகள் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையில்தான் வழுக்கல் கதையை மறுத்தார். கணக்கை மட்டும் நம்பியவர் அல்லர். கட்டும்போதே நீரழுத்தத்தை அளக்க வேண்டும், தரை வேறுவிதமாக நடந்தால் திட்டத்தை மாற்ற வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். எகிப்தின் அஸ்வான் உயர் அணைக்கு ஆலோசகராக இருந்தவர், சோவியத் பொறியாளர்களின் திட்டத்தோடு ஒத்துப்போக முடியாமல் விலகிக்கொண்டார். கனடாவில் யாரும் கட்டத் தயங்கும் ஒரு பள்ளத்தாக்கில், நசுங்கும் களிமண்ணின் மேல் மிஷன் அணையை 1960-இல் நிறைவு செய்ய வழிகாட்டினார்.

அதே ஆண்டு நவம்பரில் வட இத்தாலியில், 262 மீட்டர் உயரமான வயோண்ட் அணையின் புதிய தேக்கத்துக்குள் 7 லட்சம் கன மீட்டர் மண்ணும் பாறையும் விழுந்தன. மேலே டோக் மலையில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு தெரிந்தது. நீர்மட்டத்தை ஏற்றினால் மலை வேகமாக நகர்ந்தது, இறக்கினால் நிதானமானது. இப்படி ஏற்றி இறக்கியே மலையைக் கட்டுப்படுத்தலாம் என்று பொறுப்பிலிருந்தவர்கள் நம்பினார்கள். 1963 செப்டம்பரில் வேகம் கூடியதும் நீரை இறக்கத் தொடங்கினார்கள். இந்த முறை மலை நிற்கவில்லை. அக்டோபர் 9-ஆம் தேதி இரவு 10.39-க்கு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், சுமார் 27 கோடி கன மீட்டர் மலை தேக்கத்துக்குள் இறங்கியது. எழுந்த அலை அணையைத் தாண்டிக் குதித்து, கீழே லொங்கரோனே ஊரை அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். வழுக்குத் தளத்தில் மெல்லிய களிமண் அடுக்குகள் இருந்தன. அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்பதில் இன்றும் பொறியாளர்களிடையே முழு உடன்பாடு இல்லை.

டெர்ஸாகி அதற்கு 16 நாள் கழித்து, 80 வயதில், மாசசூசெட்ஸில் காலமானார். மிஷன் அணைக்கு 1965-இல் அவருடைய பெயரைச் சூட்டினார்கள். வயோண்ட் அணை உடையவே இல்லை. அது இன்னும் நிற்கிறது. அதன் பின்னால் நீருக்குப் பதில், சரிந்து வந்த மலை கிடக்கிறது.