சம்பளத்தை விட்ட சங்கீதக்காரர்

பெருநாள் நெருங்கினால் நம் கடைவீதிகளில் லெபாரான் பாட்டு ஒலிக்கிறது. அப்பாட்டுக்களில் பிரபலமான ஒன்றை இயற்றிய இந்தோனேசிய முஸ்லிம் யார், எப்படிப் பிழைத்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தாம் மர்ஹூம் இஸ்மாயில் மர்ஸூகி.

1914 மே 11ல் ஜகார்த்தாவின் குவித்தாங் பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையாயிருக்கும்போதே தாயை இழந்தார். தகப்பனார் ரபானா கொட்டுவதில் பேர்பெற்றவர். பிள்ளை டச்சுக்காரர் முறைப் பள்ளியிலும் மதரஸாவிலும் படித்தார். 17 வயதிலேயே பாட்டுக் கட்டத் தொடங்கினார். ஆயினும் பாட்டு உடனே சோறு போடவில்லை. பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் அமர்ந்தார். பிறகு கிராமபோன் இசைத்தட்டு விற்றார். நம்மைப்போல் வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பிழைத்தவர்தாம்!

1936ல் லீஃப் ஜாவா இசைக்குழுவில் சேர்ந்தபின் வானொலியில் பேர் பரவிற்று. 1940ல் குரொஞ்சோங் பாடகி எவுலிஸ் ஸுரைதாவை மணந்தார். ஜப்பானியர் ஆட்சியில், 1944ல், தென்னை மரங்கள் நிறைந்த தம் நாட்டைப் போற்றி 'ராயுவான் பூலாவ் கெலாப்பா' என்னும் பாட்டை இயற்றினார்.

சோதனை 1947ல் வந்தது. டச்சுப் படையினர் ஜகார்த்தா வானொலி நிலையத்தைக் கைப்பற்றினர். அவர்களிடம் ஊழியம் பார்த்திருந்தால் மாதச் சம்பளம் தவறாது கிடைத்திருக்கும். நாட்டை அடக்க வந்தவர்களுக்கு வாசிக்கமாட்டேனென்று விலகிவிட்டார். அடுப்பு எரியவேண்டுமே? மனைவியார் கடோ கடோவும் அசினானும் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பேர்பெற்ற பாடகி பலகாரம் விற்பதா என்று அந்த அம்மையார் வெட்கப்படவில்லை.

விடுதலைக்குப் பின் அவர் மீண்டும் வானொலிக்குத் திரும்பினார். 1955 பொதுத்தேர்தலுக்கும் பாட்டு எழுதினார். லெபாரான் பாட்டில் வாழ்த்தோடு நில்லாமல், லஞ்ச ஊழல் கூடாதென்று தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை வைத்தார். இருநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைத் தந்தவர் 1958 மே 25ல், 44 வயதிலேயே வஃபாத்தானார்.

இந்தோனேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1962ல். அதை அவர் காணவில்லை. ஆனால் பல ஆண்டுகள் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி இரவில் நிகழ்ச்சியை முடித்தது அவருடைய தென்னைத் தீவுப் பாட்டைக் கொண்டுதான். 1968ல் ஜகார்த்தா கலை மன்றத்திற்கு அவர் பேர் சூட்டினர். 2004ல் தேசிய வீரராக அறிவித்தனர்.

வியாபாரிகளாகிய நாம் லாப நஷ்டம் அறிந்தவர்கள். அந்தச் சம்பளத்தை விட்டது அன்றைக்கு நஷ்டம். கணக்கை இன்று பார்த்தால், கைப்பொருள் போயிற்று, நல்ல பேர் நின்றது. அந்தப் பேரில் பாதி, தட்டேந்தி விற்ற மனைவியாருக்கும் உரியது என்பதை நாம் மறவாதிருப்போமாக.