சந்துக்குள் வந்த ஐ.சி.எஸ்.

பதவி கிடைத்தபின் மக்களை மறந்தோர் பலர். மக்களுக்காகப் பதவியையே துறந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் அக்தர் ஹமீத் கான்.

1914-ல் ஆக்ராவில் பிறந்த அவர், 1936-ல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்து வங்காளத்தில் அதிகாரியாக இருந்தார். 1943-ல் அங்கே பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மடிந்தனர். ஆட்சியின் போக்கைக் கண்டு மனம் நொந்தவர், 1945-ல் வேலையை விட்டார். அலிகார் அருகே ஒரு சிற்றூரில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் உழைத்தார். 1950-ல் இன்றைய வங்காள தேசத்திலுள்ள குமில்லா விக்டோரியா கல்லூரியின் முதல்வரானார். பின்னர் அவ்வூரில் உழவர் கூட்டுறவுகளை வளர்த்து, 1963-ல் மகசேசே விருது பெற்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரசு உத்தியோகமே எங்கள் வீட்டின் கனவு. ஆகவே ஐ.சி.எஸ்.ஸை ஒருவர் உதறினார் என்று படித்தபோது, வியப்பைவிட அச்சமே எனக்கு மிகுந்தது. என் உள்ளத்தைத் தொட்டதோ, அவர் 65 வயதுக்குப்பின் செய்த பணியாகும்.

பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஒராங்கி என்றொரு பெரும் குடியிருப்பு. பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் தாமே வீடு கட்டிக்கொண்ட இடம். சந்துதோறும் கழிவுநீர் தேங்கியது, பிள்ளைகள் நோயுற்றனர். நகராட்சி செய்யும் என்று மக்கள் காத்திருந்தனர். 1980-ல் அங்கே சென்ற கான், உடனே திட்டம் தீட்டவில்லை. சந்து சந்தாக நடந்தார். மக்கள் சொல்வதைக் கேட்டார். பின்பு வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், அதைக் கொண்டு சேர்க்கும் துணைக் குழாய் ஆகியவை மக்கள் பங்கு. பெருங்குழாயும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அரசின் பங்கு.

இருபது, முப்பது வீடுகள் உள்ள ஒரு சந்து ஓர் அமைப்பாயிற்று. தமக்குள் ஒருவரைத் தேர்ந்து, பணம் திரட்டி, பள்ளம் தோண்டி, அவர்களே குழாய் பதித்தனர். கானின் குழு பணம் தரவில்லை. மட்டம் பார்த்தது, மதிப்பீடு போட்டது, கருவிகள் தந்து வேலை பழக்கியது. காண்டிராக்டர் இல்லை, வடிவமைப்பும் எளிமையாயிற்று. எனவே அரசு மதிப்பீட்டில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று. 1999-ல் அவர் மறைவதற்குள் பல்லாயிரம் வீடுகள் இவ்வாறு கழிவுநீர் வசதி பெற்றன.

எங்கள் தெருவிலும் சாக்கடை திறந்தேதான் ஓடுகிறது. மனுக் கொடுத்துக் காத்திருக்கிறோம். அரசின் கடமையை நாம் சுமக்க வேண்டும் என்பதன்று இவ்வரலாற்றின் பாடம். நம் பங்கு எது, அரசின் பங்கு எது என்று அளந்து காட்டினால், கேட்கும் குரலுக்கு வலிமை கூடும் என்பதே பாடம்.

நண்பர்களே! உத்தியோகத்தைத் துறக்க நம்மில் பலரால் இயலாது, துறக்கவும் வேண்டாம். ஆனால் மட்டம் பார்க்கவும் மதிப்பீடு போடவும் படித்த நம்மால் முடியும். அந்தப் படிப்பு, முதலில் நம் தெருவுக்குப் பயன்படட்டும்.